டிக்கெட் ஒன்று, வரிசை மட்டும் ஏன் இரண்டு? தீம் பார்க் ரைடு முன்பதிவில் எது நியாயம்

பதிவு 1 | கடைசிபெட்டி

வணக்கம் மக்களே. விடுமுறையில் அப்பா, அம்மா, வாண்டுகள் இரண்டு, நாங்கள் இருவர் என்று ஆறு பேர் ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். எந்தப் பார்க் என்று கேட்காதீர்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

அங்கே புதிய ரைடு ஒன்றுக்கு ஆப் வழியாகத்தான் இடம் பிடிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் திறக்கும். பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது என்று ஓட்டல் அறையில் குளியலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு போனோடு தரையில் உட்கார்ந்திருந்தோம். ஏழு அடித்ததும் அழுத்தினேன். "உங்கள் குழுவில் ஒருவரின் டிக்கெட் இணைக்கப்படவில்லை" என்று வந்தது. அப்பாவின் டிக்கெட். அவரிடம் இருப்பது பட்டன் போன். அவர் டிக்கெட்டை என் கணக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பினால், அன்றைக்கான இடம் முழுக்கத் தீர்ந்திருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

போன முறை பெரியவன் உயரக் கம்பத்துக்கு இரண்டு விரல் குறைவு. இந்த வருடம் எட்டிவிட்டான். உயரம் வந்துவிட்டது, இடம் இல்லை.

சரி, பக்கத்து ரைடுக்குப் போவோம் என்று போனால் பலகையில் 140 நிமிடம் என்று போட்டிருந்தது. நின்றோம். பக்கவாட்டில் காசு கட்டியவர்களின் வரிசை நடந்துகொண்டே இருந்தது, எங்கள் வரிசை நின்றுகொண்டே இருந்தது. "இவங்களும் நம்மள மாதிரி டிக்கெட் வாங்கினவங்கதானே?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?

பதிவு 2 | பில்லுக்கட்டு

பதில் எளிது அக்கா. அவர்கள் கூடக் காசு கொடுத்தார்கள். விமானத்தில் பிசினஸ் கிளாஸ் இருக்கிறது, ரயிலில் தட்கல் இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் நியாயம் பேசுவதில்லை. வருடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு வருகிறவன் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கினால் தப்பா?

பதிவு 3 | சங்கிலிக்காரன்

படிக்கும்போது இரண்டு கோடை ஒரு பார்க்கில் ரைடு வாசலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காசு கட்டியவர்களும் முன்பதிவு செய்தவர்களும் வரும் விரைவு வரிசையும் சாதா வரிசையும் சேரும் இடத்தில், நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் நான்தான்.

பிசினஸ் கிளாஸ் உவமை இங்கே பொருந்தாது தம்பி. அவர் முன்னால் அகலமாக உட்கார்ந்தாலும் விமானம் நம் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில்தான் இறக்குகிறது. இங்கே ஒருவர் முன்னே போகிற ஒவ்வொரு இருக்கையும் பின்னால் நிற்கிறவருடையது. முன்பதிவு என்று எந்தப் பெயர் வைத்தாலும் ரைடில் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை. காத்திருப்பு ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

பேச்சுக்கு ஒரு கணக்கு. ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏற்றும் என்று வைப்போம். விரைவிலிருந்து நான்கு, சாதாவிலிருந்து ஒன்று என்று சங்கிலியைத் திறந்தால், மணிக்கு 960 பேர் அந்தப் பக்கம், 240 பேர் இந்தப் பக்கம். சாதா வரிசையில் 480 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு இரண்டு மணி நேரம். அதே 480 பேருக்கு, இரண்டுக்கு ஒன்று என்று திறந்தால் மணிக்கு 400 பேர் உள்ளே போவார்கள். கடைசி ஆளுக்கு ஒரு மணி 12 நிமிடம். ரைடு, தண்டவாளம், கூட்டம் எதுவும் மாறவில்லை. என் கை மட்டும்தான் மாறியது.

வாசல் பலகையில் காத்திருப்பு நேரம் போடுகிறார்கள். இந்தக் கை விகிதத்தை எங்கேயும் போடுவதில்லை. கடைசிபெட்டி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: முதலில் அதைப் போடச் சொல்லுங்கள்.

பதிவு 4 | பில்லுக்கட்டு

அண்ணா, ஒரு ஓட்டை இருக்கிறது. விரைவு வரிசையே இல்லையென்றால் அந்த 960 பேரும் அதே சாதா வரிசையில்தானே நிற்பார்கள்? அப்போதும் அக்காவுக்கு அதே நேரம்தானே ஆகும்?

பதிவு 5 | சங்கிலிக்காரன்

நல்ல கேள்வி. பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

அவர்கள் இங்கே நின்றால் வேறெங்கும் நிற்க முடியாது. ஓர் உடம்பு, ஒரு வரிசை. கையில் முன்பதிவு இருந்தால் 11 மணி ரைடுக்கு ஆப்பில் "நின்றுகொண்டே" இன்னொரு ரைடின் சாதா வரிசையில் நிஜமாகவும் நிற்கலாம். ஒருவர் இரண்டு வரிசையில். முன்பதிவு இல்லாதவர் ஒன்றில். பார்க் முழுக்க வரிசை நீள்வதற்கு இது ஒரு பெரிய காரணம். அதோடு, 140 நிமிடப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்க வேண்டிய ஆளும் முன்பதிவு கிடைத்தால் எடுத்துவிடுவார். அந்த ரைடு அவருக்கு அவ்வளவு ஒன்றும் பிடிக்காது, கிடைத்ததே என்று ஏறுவார்.

பதிவு 6 | பாக்கெட்மேப்

அமெரிக்காவில், டிஸ்னி பார்க்குகள் இருக்கும் ஒர்லாண்டோ பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். இந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன், யாருக்காக எது மாறியது என்று நீங்களே பாருங்கள்.

டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தது. இலவசம். ரைடுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம், அதில் நுழைவு டிக்கெட்டைச் செருகினால் "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் வா" என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். போன் வேண்டாம், கணக்கு வேண்டாம். கால் மட்டும் வேண்டும். வீட்டில் ஒரு அப்பா எல்லார் டிக்கெட்டையும் அள்ளிக்கொண்டு பார்க்கின் அந்தக் கோடிக்கு ஓடுவார், மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். சீட்டில் போட்ட நேரம் தாண்டி வந்தாலும் பல காலம் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தெரிந்தவர்கள் காலையில் சேர்த்துவைத்து மாலையில் வரிசையாக ஏறினார்கள். 2012-ல்தான் நேரத்தைக் கறாராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆக, இலவசமாக இருந்த காலத்திலும் ஓடத் தெரிந்தவனுக்கும் விவரம் தெரிந்தவனுக்கும்தான் லாபம்.

2014-ல் அது கைப்பட்டைக்கும் ஆப்புக்கும் போனது. அப்போதும் இலவசம்தான். ஆனால் டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்னாலேயே மூன்று ரைடு பிடிக்கலாம், மற்றவர்கள் 30 நாள். முதல் 30 நாளிலேயே நல்லதெல்லாம் காலி. திடீரென்று கிளம்பி வருகிற குடும்பத்துக்கு மிச்சம்தான்.

கொரோனாவில் எல்லாம் நின்றது. 2021 அக்டோபரில் ஃபாஸ்ட்பாஸுக்குப் பதிலாகக் காசுக்கு ஜீனி பிளஸ் வந்தபோது ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர். பிறகு தேதிக்கு ஒரு விலை. 2024 ஜூலையில் பெயர் மாறி லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. முன்கூட்டிப் பிடிப்பதும் திரும்ப வந்தது, ஓட்டல்காரர்களுக்கு 7 நாள், மற்றவர்களுக்கு 3 நாள். அதே வருட அக்டோபர் கடைசியில் பிரீமியர் பாஸ். நேரம் குறிக்கவே வேண்டாம், நினைத்தபோது நுழையலாம். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் ஒரு நாளைக்கு 449 டாலர் வரை விலை சொன்னார்கள். நுழைவு டிக்கெட் தனி.

இங்கேயே இருக்கும் இன்னொரு நிறுவனமான யுனிவர்சலின் பார்க்குகளில் வேறு மாதிரி. மேல்தட்டு ஓட்டல்கள் சிலவற்றில் தங்கினால் விரைவு வரிசைக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் அதோடு சேர்ந்தே வரும். அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கும் காசு.

பதிவு 7 | ராத்திரிஷிப்ட்

காசைவிட எனக்குக் கோபம் வருவது அந்த ஏழு மணி விஷயத்தில்தான். 2019 டிசம்பரில் டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்கில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் என்ற ரைடு திறந்தபோது, பார்க்குக்குள் வந்தவர்கள்தான் ஆப்பில் பதியலாம். விடியும் முன்னே வாசலில் கூட்டம். அது வேண்டாம் என்று 2020 நவம்பரில், எங்கிருந்தும் காலை ஏழு மணிக்குப் பதியலாம் என்று மாற்றினார்கள். கூட்டம் குறைந்தது. ஆனால் போட்டி காலிலிருந்து விரலுக்கு வந்தது. சில நொடிகளில் தீர்ந்துபோனது.

நான் நர்ஸ். ஏழு மணிக்கு ஒரு நோயாளியை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்துக்கொண்டிருப்பேன். பழைய போன், ரோமிங், தடுமாறும் வைஃபை, நடுங்கும் விரல் எல்லாவற்றுக்கும் அங்கே தண்டனை உண்டு. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கால் வலிக்க நிற்கிற இடத்தில் சரி. நான்கு நொடிப் பந்தயத்தில் அதற்கு என்ன அர்த்தம்? அதற்குக் குலுக்கல் மேல். ஏழிலிருந்து எட்டரைக்குள் எப்போது பெயர் கொடுத்தாலும் ஒன்றுதான், எட்டரைக்குக் குலுக்கு.

பதிவு 8 | பில்லுக்கட்டு

அப்போ அலாரம் வைத்து எழுந்தவனுக்கு என்ன மரியாதை?

பதிவு 9 | ராத்திரிஷிப்ட்

அவன் தூங்கலாம் தம்பி. அதுதான் மரியாதை.

பதிவு 10 | புக்கிட்காத்து

சிங்கப்பூரிலிருந்து. குலுக்கல் நடக்காத காரியம் இல்லை. தோக்கியோ டிஸ்னியில் சில மேடை நிகழ்ச்சிகளுக்கு அப்படித்தான். குழுவில் எல்லாரும் பார்க்குக்குள் நுழைந்த பிறகு ஆப்பில் ஒரே ஒரு தரம் முயற்சி செய்யலாம், விழுந்தால் விழுந்தது. என் அம்மாவும் நானும் போனபோது விழவில்லை. ஆனால் வருத்தம் அரை நிமிடம்தான் இருந்தது, ஏனென்றால் நாங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை என்று தெரியும். கடைசிபெட்டி அக்கா ஒரு டிக்கெட்டை இணைக்க மறந்ததற்காக நாள் முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார் பாருங்கள், அது இதைவிடக் கொடுமை.

தோக்கியோவிலும் காசு உண்டு. 2022 மே மாதத்திலிருந்து ரைடுக்கு இவ்வளவு என்று விரைவு வரிசைக்கான பிரீமியர் ஆக்சஸ் விற்கிறார்கள். ஆனால் 2023 ஜூலையில், 40-ஆம் ஆண்டையொட்டி, வேறு சில ரைடுகளுக்கு இலவசப் பாஸும் பக்கத்திலேயே கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பார்க்கில் ஓடும் என்பதற்குச் சாட்சி.

பதிவு 11 | கடைசிபெட்டி

திட்டிக்கொண்டேன்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்.

பதிவு 12 | நீலக்குடை

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. என் மகனுக்கு ஆட்டிசம். ஒன்பது வயது. கம்பிகளுக்கு நடுவே, முன்னும் பின்னும் ஆள் உரச, அவனால் பத்து நிமிடம் நிற்க முடியாது. முரண்டு பிடிக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான், அதற்கப்புறம் அன்றைய நாள் அவ்வளவுதான்.

டிஸ்னியில் ஊனமுற்ற விருந்தினர்களுக்கு முன்பு ஓர் உதவி அட்டை இருந்தது. 2013-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது: வசதியானவர்கள் ஊனமுற்ற ஒருவரை வழிகாட்டியாக வாடகைக்கு அழைத்துப்போய் வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று. அதே ஆண்டு அந்த அட்டையை நிறுத்தி, புதிய ஏற்பாடு கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை எனக்கு மிகவும் பிடிக்கும். சாதா வரிசையில் 80 நிமிடம் என்றால் எங்களுக்கும் ஏறக்குறைய 80 நிமிடம்தான், ஆனால் அதை மர நிழலிலோ அமைதியான மூலையிலோ கழிக்கலாம். முன்னே போவது இல்லை. காத்திருக்கும் இடம் மட்டும் வேறு.

2024-ல் அதையும் சுருக்கினார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று வரையறுத்து, வீடியோ அழைப்பில் பேசிப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மற்ற உடல்நலச் சிக்கல் உள்ளவர்களை, வரிசையிலிருந்து வெளியே போய்த் திரும்பி வருகிற வேறு வழிகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டிய குடல் நோய் உள்ளவர் கூட்டத்துக்கு நடுவே எப்படித் திரும்ப வருவார் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பற்றி அங்கே வழக்கும் போட்டார்கள்.

என் கருத்து இது. விரைவு வரிசைக்கு விலை ஏற ஏற, பொய் சொல்லியாவது எங்கள் வழியில் நுழையலாம் என்று நினைப்பவர்களும் கூடுவார்கள். அதைத் தடுக்க நிர்வாகம் கேள்விகளைக் கூட்டும். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவரிடம், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவனுக்கு என்னவெல்லாம் முடியாது என்று நான் பட்டியல் போட வேண்டியிருக்கிறது. சாதா வரிசை தாங்கக்கூடியதாக இருந்தால் யாரும் பொய் சொல்லத் தேவை வராது.

பதிவு 13 | சங்கிலிக்காரன்

நீலக்குடை சொன்ன "அதே நேரம், வேறு இடம்" என்பதுதான் எல்லாருக்கும் வர வேண்டும் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். ஒர்லாண்டோவில் 2017-ல் திறந்த வால்கேனோ பே நீர்ப் பூங்கா அப்படித்தான் கிளம்பியது. கையில் பட்டை, சறுக்கில் தட்டினால் நேரம் வரும், அதுவரை நீச்சல். ஒரு சமயத்தில் ஒரே ஒரு சறுக்குக்குத்தான் தட்ட முடியும், அந்த வகையில் நியாயம். ஆனால் வரிசையில் நிற்காத கூட்டம் காற்றில் கரைந்துவிடாது. நடைபாதை, நாற்காலி, சாப்பாட்டுக் கடை எல்லாம் நிறையும். கூட்ட நாளில் திரும்பி வரும் நேரம் மணிக்கணக்கில் போகும்போது, மாலைக்குள் இரண்டு மூன்று சறுக்கோடு வீடு திரும்புவீர்கள். வரிசைக் கம்பிகள் கூட்டத்தைச் சுருட்டி வைக்கும் இடமும்கூட. இதை மறந்துவிடுகிறோம்.

பதிவு 14 | மலைப்பாதை

எல்லாரும் அமெரிக்கா, ஜப்பான் என்கிறீர்கள். நம்மூர் வொண்டர்லாவிலும் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட் தனி விலைதான். அதற்கும் முன்னால், திருமலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 300 ரூபாய் தரிசனத்துக்கு ஆன்லைனில் இடம் திறந்ததும் காலியாகும். ஆனால் அங்கே ஒன்று கவனித்தீர்களா? இலவச தரிசனத்துக்கும் நேரம் போட்ட டோக்கன் உண்டு, அதைத் திருப்பதியில் கவுன்ட்டரில் ஆள் உட்கார்ந்து கையில் தருகிறார். பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவும் வாங்கலாம். தீம் பார்க் வாசலில் ஒரு கவுன்ட்டர் வைப்பதற்கு என்ன கேடு?

(கோயிலில் காசுக்குத் தரிசனம் சரியா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.)

பதிவு 15 | மட்டுறுத்துநர்

கடைசி வரிக்கு நன்றி. ஏற்கெனவே இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பதிவு 16 | பில்லுக்கட்டு

சரி, பாதி இறங்கி வருகிறேன். ஆனால் விரைவு வரிசைக் காசு இல்லையென்றால் நுழைவு டிக்கெட்டில் ஏற்றுவார்கள். அப்போது ஆறு பேர் குடும்பம் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அது மட்டும் நியாயமா?

பதிவு 17 | பாக்கெட்மேப்

ஏற்றத்தான் செய்வார்கள், மறுக்கவில்லை. காசே வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். மணிக்கு 1,200 இருக்கையில் எத்தனை விற்பாய் என்பதற்கு ஓர் எல்லை வை என்கிறேன். மூன்றில் ஒன்று விற்கட்டும். மீதியில் ஒரு பங்கு, நுழைகிற ஒவ்வொருவருக்கும் டிக்கெட்டோடே ஒரு ரைடு முன்பதிவு, கவுன்ட்டரிலோ ஆப்பிலோ. காலையில் எல்லாவற்றையும் திறந்துவிடாமல் மதியத்துக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து 12 மணிக்கு வருகிறவரும் மனிதர்தானே. மிச்சம் நிற்கிறவர்களுக்கு. குழுவில் ஒரு டிக்கெட் இணையவில்லையென்றால் ஐந்து பேருக்கு இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு ஆறாமவருக்குப் பத்து நிமிடம் தரலாம். இது நியாயப் பிரச்சினைகூட இல்லை, நிரலாளர் கொஞ்சம் யோசித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

பதிவு 18 | சங்கிலிக்காரன்

அதில் ஒன்று சேர்க்கிறேன். ரைடு பழுதாகி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்களா? அரை மணி நின்றது என்று வையுங்கள். அந்த அரை மணிக்குப் பதிந்திருந்தவர்கள் எல்லாரையும் "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று அனுப்புவோம். ரைடு ஓட ஆரம்பித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வருவார்கள், அந்த நேரத்துக்கே பதிந்தவர்களும் வருவார்கள். மேற்பார்வையாளர் வந்து "விரைவை மட்டும் விடு" என்பார். பழுது நேரத்தில் நகராமல் காத்திருந்தது சாதா வரிசை, அதற்கப்புறமும் காத்திருப்பது சாதா வரிசை. இருபது நிமிடம் ஒரு சிறுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் கோடையில் நடந்தது, இன்னும் மறக்கவில்லை. எவ்வளவு நெருக்கடியானாலும் சாதா வரிசைக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரை வேண்டும்.

இன்னொன்று, ஒற்றை ஆள் வரிசை. நான்கு பேர் இருக்கையில் மூன்று பேர் குடும்பம் உட்கார்ந்தால் ஓர் இடம் காலியாகப் போகும். அதை நிரப்ப மட்டும் ஒரு வரிசை. இது ஒன்றுதான் யாரிடமிருந்தும் பிடுங்காமல் இருக்கையைக் கூட்டுகிறது. குடும்பத்தோடு ஏற முடியாது, அதுதான் விலை.

கடைசிபெட்டி, அடுத்த முறை போனால் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று கால் மணி நேரம் தலைகளை எண்ணிப் பாருங்கள்.

பதிவு 19 | கடைசிபெட்டி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். வேறொரு பார்க், எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம். பெரியவன் ஏறிவிட்டான், அவன் அப்பாவோடு, சாதா வரிசையில் 95 நிமிடம் நின்று. இறங்கியதும் "இன்னொரு தரம்" என்றான்.

அப்பா வரிசைக்கு வரவில்லை. அவர் முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சங்கிலிக்காரன் சொன்னதை நான் படித்துக் காட்டியிருந்தேன். சேரும் இடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு கிடைத்தது, முறுக்குப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். தலை எண்ணுவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"2.00 முதல் 2.20: காசு வரிசை 212. நம்ம வரிசை 61.
2.20 நின்றது.
2.41 ஓடியது.
2.41 முதல் 2.55: காசு வரிசை 148. நம்ம வரிசை 0."

பதிவு 20 | சங்கிலிக்காரன்

அந்தப் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். அப்பாவிடம் கேளுங்கள், அடுத்து எந்த ரைடுக்கு வருகிறார் என்று.